ஒரே முற்றத்து வைரஸ்கள்

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் ஒரு விவசாயியின் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் தண்ணீர் பிடித்துவைத்த இரண்டு நீல நிற டிரம்கள். பக்கத்துக் கொட்டகையில் ஒரு கலப்பினப் பசுவும் கன்றும், சுவரோரம் நாலைந்து ஆடுகள். பின்கட்டைத் தாண்டினால் மல்பெரித் தோட்டம். அதன் ஓரத்தில் புழு வளர்ப்பு மனை. டிரம்மிலிருந்து மனைக்கு முப்பது தப்படிகூட இருக்காது.

டிரம்மில் பிறக்கும் ஏடிஸ் கொசு வீட்டிலிருப்பவர்களுக்கு டெங்குவையும் சிக்குன்குனியாவையும் கொண்டுவரும். பசுவுக்குக் கோமாரி வரும், தோல் கழலை வரும். ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லி, புழுவுக்குப் பால் நோய். எல்லாமே வைரஸ்தான். டிரம்மைப் பார்க்க சுகாதாரத் துறை வருகிறது, பசுவையும் ஆட்டையும் பார்க்கக் கால்நடைத் துறை, புழுவைப் பார்க்கப் பட்டு வளர்ச்சித் துறை. மூன்று துறைக்கும் மூன்று பதிவேடு. குடும்பத்துக்கு மட்டும் கணக்கு ஒன்றுதான். புழு செத்த மாதம் பால் பணத்தில் ஓட வேண்டும். மாடு படுத்தால் ஆட்டை விற்க வேண்டும். வீட்டில் ஒருவர் காய்ச்சலில் விழுந்தால் மூன்றையும் கவனிக்க ஆளில்லை.

இந்த வைரஸ்கள் எங்கிருந்து வந்தன, எந்த வழியாக வந்தன, முன்பு வந்தவைதானா, புதியவையா என்று அவற்றின் மரபணுக்களைப் படித்துச் சொல்லும் துறைக்கு மூலக்கூறு நோய்ப்பரவலியல் என்று பெயர். பெயர் மிரட்டினாலும் அதன் அடிப்படை நமக்குப் புதிதல்ல. 1887-ல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகச் சுவடிகளைத் தேடிச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்தார். ஏடு எழுதியவர் ஓரிடத்தில் கைதவறி ஓர் எழுத்தை மாற்றிவிட்டால், அந்த ஏட்டைப் பார்த்து எழுதிய எல்லாப் படிகளிலும் அந்தப் பிழை தொடரும். இரண்டு ஊர்ச் சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால் இரண்டுக்கும் மூலம் ஒன்று என்று கொள்ளலாம். வைரஸும் தன்னைப் படியெடுத்துக்கொண்டே போகிறது. படியெடுக்கும்போது பிழை விடுகிறது. அந்தப் பிழைகளைத் தொடர்ந்து போனால் அது வந்த வழி தெரியும்.

எல்லா வைரஸும் ஒரே வேகத்தில் பிழை விடுவதில்லை. டெங்கு, கோமாரி, ஆட்டுக்கொல்லி ஆகியவற்றின் வைரஸ்கள் ஆர்என்ஏ வகை. பதினாறாயிரம் எழுத்துக்குள் அடங்குபவை. படியெடுக்கையில் பிழை திருத்துவதில்லை. ஓராண்டுக்குள்ளேயே மாற்றம் தெரியும். தோல் கழலை வைரஸ் சுமார் 1,51,000 எழுத்துள்ள டிஎன்ஏ வகை. பால் நோய் வைரஸும் டிஎன்ஏதான். 1999-ல் வெளியான முதல் முழு வரிசையில் 1,28,413 எழுத்துகள். இவை நிதானமாக மாறுபவை. முன்னவற்றில் ஒரு மரபணுவின் சிறு துண்டே பல கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடும். பின்னவற்றில் நீண்ட வரிசையையே படிக்க வேண்டிவரும்.

ஆட்டிலிருந்து தொடங்குகிறேன். இந்தத் துறை தமிழ்நாட்டுக்குச் செய்த பெரிய உதவி ஆட்டுப்பட்டியில்தான் நடந்தது. 1987-ல் விழுப்புரத்தை அடுத்த அரசூரில் செம்மறி ஆடுகள் மூக்கு ஒழுகி, வாய் வெந்து, கழிந்து செத்தன. பார்ப்பதற்கு வெக்கை நோய் மாதிரியே இருந்தது. மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற அந்த வெக்கை ஆட்டையும் தாக்கும் என்பதால், அதுவரை இப்படிச் செத்த ஆடுகளை வெக்கைக் கணக்கில் எழுதுவதே வழக்கம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எம்.எஸ்.ஷைலாவும் உடன் ஆய்வாளர்களும் அது வெக்கை அல்ல, ஆட்டுக்கொல்லி நோய் என்று நிறுவி 1989-ல் வெளியிட்டார்கள். இந்தியாவில் அந்த நோய் உறுதியான முதல் இடம் அரசூர்.

பெயர் மாறியதால் என்ன ஆகிவிட்டது என்று கேட்கலாம். நாடு அப்போது வெக்கையை ஒழிக்கும் வேலையில் இறங்கியிருந்தது. ஒழிப்பின் கடைசிக் கட்டத்தில் மாடுகளுக்குத் தடுப்பூசியை நிறுத்திவிட்டு, எங்காவது நோய் மிச்சமிருக்கிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் ஆட்டுக்கொல்லி ஒவ்வொன்றையும் வெக்கை என்று எழுதிக்கொண்டிருந்தால் ஒழிப்பு முடிவுக்கே வந்திருக்காது. இரண்டும் ஒரே வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த நெருங்கிய உறவு. கண்ணால் பிரிக்க முடியாததை மரபணு பிரித்துக் காட்டியது. இந்தியாவில் வெக்கை கடைசியாகப் பதிவானது 1995-ல், தருமபுரிக்குக் கிழக்கே வட ஆற்காட்டில். 2011-ல் உலகமே அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. நம் பாட்டனார் காலத்தில் ஊர் மாடுகளை வாரிக்கொண்டு போன நோய் இன்று உலகில் எந்தக் கொட்டகையிலும் இல்லை. மனிதரின் பெரியம்மைக்கு அடுத்தபடியாக முற்றாக ஒழிந்த ஒரே வைரஸ் நோய் அதுதான். இதைப் பள்ளிப் பாடத்தில் சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை.

ஆட்டுக்கொல்லி வைரஸை மரபணு வரிசையை வைத்து நான்கு கிளையாகப் பிரித்திருக்கிறார்கள். இந்தியாவில் கிடைப்பது நான்காம் கிளை. ஆனால் 1992-ல் தமிழ்நாட்டில் எடுத்த ஒரு மாதிரி மூன்றாம் கிளையில் போய் உட்கார்ந்தது. அதன் உறவுகள் சூடானிலும் எத்தியோப்பியாவிலும் ஓமனிலும் இருந்தன. அதற்குப் பிறகு இங்கே எடுத்த மாதிரிகள் எல்லாம் நான்காம் கிளைதான். ஒரு கிளை வந்திருக்கிறது, ஆட்டுப்பட்டிகளுக்குள் நடமாடியிருக்கிறது, பிறகு மறைந்திருக்கிறது. நம்மிடம் இருப்பது ஒற்றைச் சாட்சி. அந்த ஆண்டுகளில் மாவட்டத்துக்குப் பத்து மாதிரி எடுத்து வைத்திருந்தால் அதன் கதையை முழுதாக எழுதியிருக்கலாம். தனியாகக் கிடைத்த ஒரே ஓர் ஏட்டை வைத்துக்கொண்டு நூலின் வரலாறு எழுதுவது போன்ற நிலை இது.

நல்லவேளை, ஆட்டுக்கொல்லியில் கிளை எதுவானாலும் ஒரே தடுப்பூசி காக்கும். இந்தியாவில் உருவான மூன்று தடுப்பூசி வித்துகளில் இரண்டு தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துடையவை. ஒன்றுக்கு அரசூர் 87 என்றும் மற்றதற்குக் கோயம்புத்தூர் 97 என்றும் பெயர். நோய் கண்ட ஊரின் பெயரே தடுப்பூசியின் பெயராகி, பல ஊர் ஆடுகளைக் காக்கிறது. 2030-க்குள் ஆட்டுக்கொல்லியையும் வெக்கையைப் போல ஒழிப்பது என்று உலக அமைப்புகள் குறி வைத்திருக்கின்றன.

கோமாரியில் இந்தச் சலுகை கிடையாது. கால் காணை, வாய் காணை என்றும் சொல்லும் இந்த நோயின் வைரஸில் உலகளவில் ஏழு வகை. இந்தியாவில் இன்று ஓ, ஏ, ஏசியா-1 என்று மூன்று; சி வகை 1995-க்குப் பிறகு இங்கே தென்படவில்லை. ஒரு வகைக்குப் போட்ட ஊசி மற்றதைத் தடுக்காது. ஒரே வகைக்குள்ளும் கிளை விலகிப்போனால் ஊசியின் பலன் குறையும். அதனால்தான் நோய் கண்ட மாட்டின் நாக்குத் தோலை எடுத்து, வைரஸின் வெளிப்புறப் புரதம் ஒன்றுக்குரிய 630-க்கும் மேற்பட்ட எழுத்துகளைப் படித்து, ஊசியில் உள்ள வித்தோடு ஒப்பிடுகிறார்கள்.

2013-ல் கர்நாடகம், தமிழ்நாடு, ஆந்திரம், கேரளம் என்று தென்னாடு முழுக்கக் கோமாரி அடித்ததைக் கறவைமாடு வைத்திருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த அலைக்குக் காரணமான வைரஸ் ஓ வகையில் இந்தியா-2001 என்ற கிளையைச் சேர்ந்தது. அந்தக் கிளை அதே ஆண்டில் லிபியாவிலும், 2014-ல் துனிசியா, அல்ஜீரியாவிலும், 2015-ல் லாவோஸ், வியட்நாமிலும் தலைகாட்டியது. தருமபுரி மாவட்டத்துப் புளுதியூரில் புதன்கிழமை கூடும் சந்தையில் மாடு பிடித்து லாரி ஏற்றுபவருக்கு வட ஆப்பிரிக்கா எங்கோ இருக்கும் ஊர். வைரஸுக்கு அது நாலைந்து சந்தை தள்ளி இருக்கும் ஊர்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். மரபணு ஒத்துப்போவதால் மட்டும் இந்த மாட்டிடமிருந்து அந்த மாட்டுக்கு வந்தது என்று சொல்லிவிட முடியாது. இரண்டுக்கும் பொதுவான மூன்றாவது இடம் ஒன்று இருக்கலாம். அங்கே யாரும் மாதிரி எடுக்காமல் விட்டிருக்கலாம். எங்கே ஆய்வகம் இருக்கிறதோ அங்கேதான் வைரஸ் இருப்பதாக, மரபணு வரிசைகளை ஒப்பிட்டு வரையும் கிளைப்படம் காட்டும். இதை மறந்துவிட்டு மாட்டு வியாபாரியையோ, பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலி வேலைக்குப் போய்த் திரும்பும் தருமபுரித் தொழிலாளியையோ நோய் கொண்டுவந்தவர் என்று விரல் நீட்டுவது அறிவியலும் ஆகாது, நியாயமும் ஆகாது.

தோல் கழலையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2019 ஆகஸ்டில் ஒடிசாவில் முதலில் கண்டறியப்பட்டு, 2020-ல் தமிழ்நாட்டுக்குள்ளும் வந்தது. ஒடிசா மாதிரிகளைப் போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்குநோய் நிறுவனம் படித்தபோது கென்ய வைரஸ்களோடு நெருக்கம் தெரிந்தது. 2022-ல் குஜராத், ராஜஸ்தான் தொடங்கி ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்ற அலையில், முன்பு வந்ததோடு ஒட்டாமல் 2015-ல் ரஷ்யாவில் கண்ட வைரஸுக்கு நெருங்கிய இன்னொரு கிளையும் இருந்தது. ஒரே நோய் இரண்டு வாசல் வழியாக வந்திருக்கலாம். கடிக்கும் ஈ, கொசு, உண்ணி மூன்றும் இதைப் பரப்புகின்றன. அந்த ஆண்டு பாலைக் குடிக்கலாமா என்று பல வீடுகளில் கேட்டார்கள். இந்த வைரஸ் மனிதரைத் தொற்றாது; காய்ச்சிய பாலைத் தாராளமாகக் குடிக்கலாம்.

மனிதருக்கு வருவோம். தருமபுரி மாவட்டத்தின் இரண்டு கிராமங்களில் பரவிய டெங்குவைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்று 2002-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியானது. கிருஷ்ணகிரி அப்போது பிரியவில்லை. 2004-ல்தான் தனி மாவட்டமானது; அதனால் இங்கே தருமபுரி என்பது இன்றைய இரண்டு மாவட்டங்களும் சேர்ந்தது. டெங்கு நகரத்து நோய் என்ற எண்ணம் ஆழமாக இருந்த காலத்தில், மானாவாரிக் கிராமத்துக்கும் அது வந்துவிட்டதைப் பதிவுசெய்த கட்டுரைகளில் அதுவும் ஒன்று. வறண்ட கிராமத்தில் ஏன் டெங்கு? வறட்சியினால்தான். மழை குறைவு, ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு, எலும்பும் பல்லும் கெட்டு அவதிப்பட்ட மாவட்டம் இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. குழாயில் நல்ல தண்ணீர் எப்போது வரும் என்ற உறுதி இல்லாதவரை வீட்டுக்காரம்மா டிரம்மிலும் சிமென்ட் தொட்டியிலும் குடத்திலும் பிடித்துத்தான் வைப்பார். ஏடிஸ் ஏஜிப்டி கொசுவுக்கு வேண்டியதும் அதுதான். தண்ணீர் பிடித்து வைத்ததற்காக அவரைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

டெங்குவில் நான்கு வகை. ஒவ்வொன்றுக்குள்ளும் பல மரபு வகைகள். ஒரு வகை வந்துபோன ஊரில் வேறு வகை நுழைந்தால் சிலருக்கு நோய் கடுமையாகும். அதனால் எது புழக்கத்தில் இருக்கிறது என்பது மருத்துவமனைக்கு முன்கூட்டியே தெரிய வேண்டிய செய்தி. தமிழ்நாட்டில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்ட 2012-ல், முதல் வகையில் பழைய அமெரிக்க-ஆப்பிரிக்க மரபு வகையோடு, தென்னிந்தியாவுக்குப் புதிதான ஆசிய மரபு வகை ஒன்றும் வந்திருந்தது பின்னர் மரபணு ஆய்வில் தெரியவந்தது. சிக்குன்குனியாவும் இதே பாடத்தைச் சொல்கிறது. 1964-ல் சென்னையையும் வேலூரையும் முடக்கியது ஆசிய வகை. 1973-க்குப் பிறகு நாட்டில் ஓசையில்லை. 2005 இறுதியில் திரும்பி வந்து மூட்டுகளை முடக்கியது ஆப்பிரிக்க வகை. பழைய வைரஸ் விழித்துக்கொண்டது என்று அப்போது சொன்னவர்கள் உண்டு. வந்தது வேறு ஆள் என்று மரபணு காட்டியது. 2007-ல் கேரளத்தில் கண்ட வைரஸில் ஒரு புரதத்தின் 226-ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. ரப்பர் தோட்டங்களில் பெருகும் புலிக்கொசுவுக்குள் எளிதாக வளர அந்த ஒரு மாற்றம் போதுமாயிருந்தது. ஈரம் குறைந்த தருமபுரியில் ஆட்சி ஏஜிப்டி கொசுவினுடையது. இங்கே அந்த மாற்றத்தால் வைரஸுக்குப் பெரிய ஆதாயமில்லை. கேரளத்தின் எச்சரிக்கையை அப்படியே இங்கே படியெடுத்து ஒட்ட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி புழு. தருமபுரிப் பட்டுக்கூடு அங்காடிக்கு வெண்கூடு கொண்டுவரும் குடும்பங்களுக்கு இது சோறு. நான் போன வீட்டில் ஐந்தாம் பருவத்துப் புழுக்கள் அடுக்குகளில் தழை தின்றுகொண்டிருந்தன. நூறு முட்டைத் தொகுதி, ஏறக்குறைய ஐம்பதாயிரம் புழு. மூன்றாவது அடுக்கின் ஓரத்தில் ஒரு புழு தழையை விட்டு விலகி விளிம்பிலேயே நடந்துகொண்டிருந்தது. தோல் பளபளவென்று இழுத்துக் கட்டியது போல. கணுவுக்குக் கணு வீக்கம். வீட்டுக்காரர் அதைச் சிறு குச்சியால் எடுத்துச் சுண்ணாம்புத் தண்ணீர் வைத்திருந்த டப்பாவில் போட்டார். குச்சி பட்ட இடத்தில் தோல் கிழிந்து பால் மாதிரி வெள்ளையாக ஒழுகியது. “பால் வந்துருச்சுங்க, இனி நாலு நாளு தூக்கமில்ல” என்றார். அந்தத் துளி தழையில் விழுந்தால் தின்னும் புழுக்களுக்கெல்லாம் நோய். துளிக்குள் இருப்பவை கண்ணுக்குத் தெரியாத படிகங்கள். ஒவ்வொரு படிகத்துக்குள்ளும் பல வைரஸ். வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் வைரஸைக் காக்கும் அந்தப் படிகம், காரத்தன்மை கொண்ட புழுக் குடலில் கரைந்து அதை வெளியே விடுகிறது. மண்ணில் விழுந்த படிகம் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மனையையும் தட்டையும் ஒவ்வொரு பட்டத்துக்கும் முன்னால் கழுவிக் கிருமிநீக்கம் செய்யச் சொல்வது இதனால்தான்.

அந்தப் புழு ஏன் விளிம்பில் நடந்தது? ஆய்வாளர்கள் இதற்குக் காரணமான மரபணுவை வைரஸிலேயே கண்டுபிடித்தார்கள். அந்த மரபணுவை நீக்கிவிட்டால் நோயுற்ற புழு இப்படி அலைவதில்லை. அந்த மரபணு ஆதியில் பூச்சியிடமிருந்து வைரஸ் கவர்ந்துகொண்டது என்றும் 2012-ல் காட்டினார்கள். புழுவிடம் எடுத்ததை வைத்தே புழுவை நடக்கவைத்து, அடுத்த தட்டுக்கும் அடுத்த தழைக்கும் தன்னைக் கொண்டுபோகச் செய்கிறது வைரஸ். ஒரு குச்சி முனையில் பார்த்த காட்சிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

பால் நோய் வைரஸின் ஊர் வேறுபாட்டை அறிய ப்ரோ என்ற மரபணுக் குடும்பம் உதவுகிறது. முதலில் படிக்கப்பட்ட ஜப்பானிய வைரஸில் அது ஐந்து படியாக இருந்தது. பிற இடத்து வைரஸ்களில் சில படிகள் இல்லை. இந்த ஊர் வேறுபாடு வெறும் அடையாளக் குறியல்ல; நோயைத் தடுக்கும் முயற்சியிலும் அதற்கு இடமுண்டு. ஐதராபாத்தில் உள்ள டிஎன்ஏ கைரேகை ஆய்வு மையத்தில் ஜே.நாகராஜுவின் குழு, வைரஸின் முக்கிய மரபணுக்கள் பலவற்றை ஒரே சமயத்தில் வாயடைக்கும்படி பட்டுப்புழுவை மாற்றியமைத்து 2013-ல் வெளியிட்டது. இப்படிப்பட்ட புழு ஒருநாள் விவசாயி கைக்கு வந்தால், தருமபுரி மனைகளில் உள்ள வைரஸின் எழுத்தும் ஆய்வகம் குறிவைத்த எழுத்தும் ஒன்றுதானா என்ற கேள்வி உடனே எழும். இங்கிருந்து மாதிரி எடுத்துப் படித்திருந்தால்தான் பதில் சொல்ல முடியும். பட்டுப்புழுவில் இந்தக் கவனம் பழைய மரபு. 1865-ல் பிரான்சின் அலே நகருக்குப் போன லூயி பாஸ்டர், வைரஸ் அல்லாத பெப்ரின் நோய்க்குத் தாய் அந்துப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்க்கும் முறையை வகுத்தார். இன்றும் முட்டை வித்தகங்களில் அதே சோதனைதான். முட்டைக்கு இருக்கும் அந்த ஒழுங்கு, மனைக்கு வந்தபின் வரும் பால் நோய்க்கு இல்லை.

கருவி இல்லை என்று இனிச் சொல்ல முடியாது. 2020-ல் கொரோனாவுக்காகத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியிலும் ஆர்டி-பிசிஆர் சோதனை வந்தது. அதே எந்திரம், அந்தந்த வைரஸுக்குரிய துவக்கத் துண்டுகளை (பிரைமர்) போட்டால் ஆட்டுக்கொல்லியையும் காட்டும், பால் நோயையும் காட்டும். பொது சுகாதாரத் துறை 2021-ல் சென்னையில் மரபணு வரிசை ஆய்வகமே தொடங்கியது. கால்நடை நோய்ப்பரவலுக்கான தேசிய நிறுவனம் சில மணி நேரப் பயணத்தில் பெங்களூரில் இருக்கிறது. மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து அனுப்புவது கிராமத்தில் கடினம்தான். அதற்கும் வழி உண்டு. மரபணுவைக் காக்கும் வேதிப்பொருள் பூசிய அட்டையில் ஒரு துளி ரத்தத்தையோ கொப்புள நீரையோ புழுப் பாலையோ தடவிக் காயவைத்தால், வைரஸ் செயலிழந்து அதன் எழுத்து மட்டும் நிற்கும். சாதாரண உறையில் போட்டு அனுப்பலாம்.

எனக்குக் கவலை அட்டையின் பின்புறத்தில் எழுத வேண்டியதைப் பற்றித்தான். உலகத் தரவு வங்கிகளில் உள்ள பல வைரஸ் வரிசைகளில் இடம் என்ற கட்டத்தில் இந்தியா என்றோ, மிஞ்சினால் தமிழ்நாடு என்றோதான் இருக்கும். ஊரும் தேதியும் ஊசி போட்ட விவரமும் இல்லாத வரிசை, எந்த ஊரில் கிடைத்தது என்று குறிக்காத சுவடி மாதிரி. பாடபேதம் தெரியும், வழி தெரியாது.

கிளம்பும்போது அந்த வீட்டுக்காரரிடம் இந்தப் பட்டத்துப் புழு எங்கே வாங்கியது என்று கேட்டேன். எந்த இளம்புழு மையம், என்றைக்கு இறக்கியது, வண்டியில் கூட வந்த தட்டுகள் யாருடையவை, மூன்றாம் தோலுரிப்பன்று மழை பெய்து ஈரத் தழை போட நேர்ந்தது, போன பட்டத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குப் பால் வந்து அவர் புழுவை வரப்பில் கொட்டியது, அதற்கு மறுவாரம் தன் பசு வாயில் நுரை தள்ளியது என்று மூச்சுவிடாமல் சொன்னார். இவ்வளவையும் எங்காவது எழுதிக்கொண்டார்களா என்று கேட்டேன். “யாரும் கேக்கலீங்களே” என்றார்.